அக்குறணையில் நிற்காத படை

கண்டியில், கொழும்பு வீதியில், ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற மனுஷன்தான் மக்கீன். கிழமை முழுக்க ஆணி, கீல், முள்ளுக்கம்பி, மண்வெட்டி. சனிக்கிழமை பகல் திரும்பினால் ஆள் வேறு. காக்கிக் காற்சட்டை, முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற சப்பாத்து, சட்டைக் கையில் மூன்று பட்டி. வொலண்டியர் படையில் அவர் சார்ஜன். போகம்பரை மைதானத்தில் அவர் போடுகிற சத்தத்துக்கு வாவிக்கரை மரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் கடைக்குள் காதோடு காதாகப் பேசுகிற மனுஷனுக்கு அந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று கட்டிய பெண்சாதி ரபீகாவுக்கே விளங்கவில்லை.

வொலண்டியர் என்றால் என்ன என்று கேட்டால், அந்தக் காலத்தில் சிரிக்கிறவர்கள்தான் அதிகம். கந்தோர் கிளாக்கர், பள்ளிக்கூட வாத்தியார், கடைச் சிப்பந்தி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று பலதும் பத்துமாகச் சேர்ந்த கூட்டம். சனிக்கிழமை பின்னேரம் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடப்பார்கள். வருஷத்துக்கு ஒருக்கால் தியத்தலாவைக்குப் போய்க் குளிரில் கூடாரம் அடித்துப் பாட்டுப் பாடிவிட்டு வருவார்கள். "துவக்குக் கட்டின கல்யாண வீட்டுக்காரர்" என்று ஹாஜியார் சொல்லுவார். மக்கீனுக்கு அது நெஞ்சில் தைக்கும். ஏனென்றால் அவருக்கு அது விளையாட்டு இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில், மீசை அரும்பின வயதில் சேர்ந்தவர். காய்ச்சல் என்றும் மழை என்றும் ஒரு பிரேட் விட்டதில்லை. ஒரு நாளைக்கு உண்மையாகவே கூப்பிடுவார்கள், அன்றைக்கு நான் போகவேண்டும் என்று அவருக்குள்ளே ஒரு எண்ணம் கிடந்தது. வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் மக்கீன் இருந்த படைப்பிரிவுக்கு, கண்டிக் கொம்பனிக்கு, புதுக் கப்டன் வந்தார். வீரசிங்கம் என்று பெயர். யாழ்ப்பாணத்து ஆள். நில அளவைக் கந்தோரில் உத்தியோகம். மெலிந்த மனுஷன், மூக்குக் கண்ணாடி. சிரித்தால் பல் தெரியாது. முதல் சனிக்கிழமையே எல்லாரையும் மைதானத்தில் நிற்பாட்டிச் சொன்னார்:

"சீமைப் பக்கம் நிலவரம் சரியில்லை. யுத்தம் வந்தால் இந்தத் தீவைக் காக்கிறதுக்கு வெளியிலயிருந்து ஆக்கள் வருவினம் எண்டு இருக்கேலாது. இனிமேல் நீங்கள் சனிக்கிழமைக்கு மட்டும் சிப்பாய் இல்லை. கூப்பிட்ட அண்டைக்கே வெளிக்கிட வேணும். திருகோணமலையோ, கொழும்போ, போன இடத்தில 'போதும்' எண்டு சொல்லுமட்டும் நிக்க வேணும். எந்தக் கொம்பனி அதுக்குச் சரிவரும் எண்டு கேர்ணல் வந்து பாக்கப் போறார். சரிவராத கொம்பனி ஊரிலயே இருந்து பண்டசாலைக்குக் காவல் நிக்கட்டும்."

அன்றைக்கு ராச்சோறு மக்கீனுக்கு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

கப்டன் சொன்னதோடு நிற்கிற ஆள் இல்லை. கூப்பிட்டால் ஆளை விடவேண்டும் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் தானே கடை ஏறிப் பேசினார். இரும்புக்கடைக்கும் வந்தார். ஹாஜியார் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் போன பிறகு மக்கீனைப் பார்த்து, "ஏன்டா, நீ என்ட ஆளா, ராசாட ஆளா?" என்றார்.

"கடை திறந்தீக்கிற வரைக்கும் உங்கட ஆள் ஹாஜியார். கூப்பிட்டா அவங்கட ஆள்."

"அப்ப எனக்கு ஆணி நிறுக்கிறது ஆரு? வெள்ளைக்காரன்ட கேர்ணலா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கேர்ணல் பார்க்கிற நாள் வந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு நடக்கவேண்டும். துவக்கு, மூட்டை முடிச்சு எல்லாத்தோடும் பொழுது சாய முன்னம் ஒரு ஆள் குறையாமல் போய்ச் சேரவேண்டும். மறுநாள் நாவுலை, அதற்கு மறுநாள் தம்புள்ளை. அவ்வளவுதான். நடக்கத் தெரியாத ஆள் யார்? கிழமை தவறாமல் நடந்து பழகின கால்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். சாப்பாட்டை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. வழக்கம் போல அவரவர் வீட்டிலிருந்து அவரவர் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கட்டின சோற்றுப் பார்சல் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்ட முன்னம் முடிந்துபோனது. வாழையிலை வாசம் தோளில் தொங்கினால் எந்த மனுஷனால் பொறுக்க முடியும்?

மாத்தளை ரோட்டில் அடுத்தது அக்குறணை. அங்கேதான் மக்கீனுடைய மாமியார் வீடு. ஜெஸீமா உம்மா என்றால் அக்குறணையில் தெரியாத ஆள் இல்லை. தன் வாசலால் போகிற தபால்காரனைக்கூடச் சும்மா விடமாட்டா. மருமகன் படையோடு வருகிறார் என்று தெரிந்தால் விடுவாவா? முற்றத்தில் பாய் விரித்து, சஹன் சஹனாகச் சோறு வைத்து, பெரிய சீலையால் மூடி வைத்துவிட்டு, வேலிக்குள்ளே நின்று கூப்பிட்டா.

"மகன், வாங்கோ! புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்கோ!"

மக்கீன் பொறுப்பில் இருந்தது கடைசிப் பிரிவு. முன்னால் கப்டன் வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். மாமி கூப்பிட்டால் மருமகன் எப்படிப் போகாமல் இருப்பது? "பத்து நிமிஷம்" என்று அவர் பிரிவுக்கு உத்தரவு போட்டார். துவக்கையெல்லாம் பலாமரத்தில் சாய்த்துவிட்டுச் சஹனைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள்.

சஹனில் உட்கார்ந்தால் ஒரு முறை இருக்கிறது. ஒரே தட்டத்தில் ஆறு கை. ஆறு பேரும் முடிக்கும் வரைக்கும் ஒருவர் எழும்பக்கூடாது. எழும்பினால் மற்றவனுக்கு அவமரியாதை, வீட்டுக்காரிக்கும் அவமரியாதை. சிங்களப் பொடியன் ஹேரத்துக்கு அந்த முறையை மக்கீன்தான் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தது பிழையாகப் போய்விட்டது. ஹேரத் எருமை அசைபோடுகிற மாதிரி மெதுவாகத் தின்கிற ஆள்.

"ஹேரத், கெதியா முடி!"

"மக்கீன் நானா, நீங்கதானே சொன்னீங்க, சஹன்ல அவசரப்படக்கூடாதுன்னு."

அவன் முடிக்கிற நேரத்துக்கு ஜெஸீமா உம்மா வட்டிலப்பத்தோடு வந்தா. அந்த இனிப்பு வந்தால் திரும்ப முதலில் இருந்து.

இந்தப் பிரிவு போய் உட்கார்ந்ததைப் பின்னால் திரும்பிப் பார்த்த மற்றப் பிரிவுக்காரருக்கும் வாய் ஊறினது. அக்குறணையில் சொந்தம் இருக்கிறவன் அங்கே நழுவினான். அலவத்துகொடையில் அக்கா வீடு இருக்கிறவன் அங்கே நழுவினான். சொந்தமே இல்லாதவன் தேத்தண்ணிக் கடையில் நழுவினான். மக்கீன் பிரிவு கையைக் கழுவுகிற நேரத்தில் ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. கேர்ணல் இறங்கவில்லை. பலாமரத்தைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், சஹனைப் பார்த்தார். காரைப் போகச் சொன்னார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை.

மாத்தளைக்குப் பொழுதோடு போய்ச் சேர்ந்தது பாதிப் பேர். மீதிப் பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், துவக்குக் குழல் ஜன்னலால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க. மாத்தளைக் கடைத்தெருவே பார்த்துச் சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை கப்டன் மக்கீனைத் தனியே கூப்பிட்டார்.

"மக்கீன், நீர் என்ன செய்தனீர் எண்டு உமக்குத் தெரியுமே?"

"தெரியும் சேர். மாமி கூப்பிட்டா."

"எதிரி கூப்பிட்டாலும் போவீரே?"

"எதிரிட வீட்டுல அப்படிச் சோறு ஆக்க மாட்டாங்க சேர்."

கப்டனுடைய மீசை கொஞ்சம் ஆடினது. ஆனாலும் அவர் கத்திரிக்கோலை எடுத்தார். மூன்று பட்டியையும் தன் கையாலேயே வெட்டி எடுத்தார். "கேர்ணல் இன்னொரு தரம் பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். அடுத்த முறையும் இப்பிடியெண்டால் கொம்பனி பண்டசாலைக்குக் காவல்தான். கொம்பனி சரிவந்தாலும் நீர் போக மாட்டீர். உம்மை இஞ்சை விட்டிட்டுத்தான் போவன்."

பட்டி போனது கூடப் பெரிதில்லை. அந்தக் கடைசிச் சொல்தான் மக்கீனை வெட்டினது. வீட்டுக்கு வந்து சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கடுங்காக்கியாகத் தெரிந்தது. ரபீகா என்ன என்று கேட்டிருந்தால் மக்கீன் அழுதிருப்பார்.

வேறு ஆளாக இருந்தால் விலகியிருப்பார். விலகினவர்களும் உண்டு. மக்கீன் விலகவில்லை. அதுதான் அந்த மனுஷனிடம் இருந்த பெரிய குணம். யார் என்ன சொன்னாலும் அதுதான். பிழை தன்னுடையது என்று தெரிந்த பிறகு அந்தப் பிழை எங்கே இருந்து பிறந்தது என்று தேடினார். ஆள் பசித்ததால்தான் வீடு தேடினான். பசிக்க முன்னம் சோறு வந்திருந்தால் வீடு தேடியிருக்க மாட்டான். இதை நேரே போய்க் கப்டனிடம் சொன்னார். கப்டன் தனக்கும் அதே யோசனைதான் என்றார். தியத்தலாவையில் சமையல் கட்டு அங்கேயே இருந்ததால் தானும் அதை யோசிக்காமல் விட்டதாக ஒளிக்காமல் சொன்னார்.

"ஆர் சமைக்கிறது? சிங்களவர், முஸ்லிம், சைவக்காரர், பறங்கியர் எல்லாரும் இருக்கினம். ஒருத்தர் தின்னிறதை மற்றவர் தின்ன மாட்டினம்."

"நான் சமைக்கிறேன் சேர். ஆனா ஒண்டு. சமைச்சிப்போட்டு நடக்க விடோணும்."

"சமைச்சுப் போட்டு நடக்க ஏலுமெண்டால் நடவும்."

சமையல் அவருக்குத் தெரியாது. ரபீகாவிடம்தான் படித்தார். முதல் தரம் பெரிய சட்டியில் ஆக்கின சோறு மேலே அரிசி, கீழே கரி, நடுவில் கஞ்சி. கொம்பனி முழுக்க அதைத் தின்றது. விவேகானந்தன் என்று ஒரு கிளாக்கர், மச்சம் மாமிசம் கையால் தொடாத ஆள், அவர் மட்டும் சம்பலை மோந்து பார்த்து, "இதுக்குள்ள மாசி போட்டனீரே?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம் விரதம் எண்டு ஒண்டு இல்லைக் காணும்."

அன்றோடு அந்த மாசிக் கருவாடு போனது. இறைச்சி, ஹலாலா இல்லையா என்ற கதை வழியில் வேண்டவே வேண்டாம் என்று அதையும் விட்டார். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். அதற்கு எந்த வேதக்காரனும் மறுப்புச் சொல்ல முடியாது. ருசி இல்லை என்று சொல்லலாம். சொன்னார்கள். சொல்லிக்கொண்டே தின்றார்கள். ஹாஜியார் சிரிக்கிறதை விட்டுவிட்டு ஒரு நாள் சமையல் பார்க்க வந்தார். ருசி பார்த்தார். "இதத் திண்டுட்டு சண்டை புடிக்கிறவன் பெரிய வீரன்தான்" என்றார். என்றாலும் இரண்டாம் நடைக்குக் கடை லொறியைச் சட்டி பானை ஏற்ற அனுப்பினது அவர்தான்.

எல்லாம் சரி. அக்குறணை மட்டும் அங்கேயே இருந்தது.

நடைக்கு முந்தின கிழமை மக்கீன் மாமியாரிடம் போனார். "மாமி, இந்த முறை சோறு வைக்காதீங்க."

"ஏன்? என்ட சோறு கசக்குதா?"

"உங்கட சோத்தாலதான் என்ட பட்டி போச்சி."

"பட்டி போனா என்ன? ஊசி நூல் ஈக்கி. நான் தைச்சித் தாரேன்."

"அது அப்படித் தைக்க ஏலாது மாமி. இந்த முறையும் நிண்டா எங்களை ஒரு இடத்துக்கும் அனுப்ப மாட்டாங்க. நான் போகோணும் மாமி."

ஜெஸீமா உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தா. "என்ட வாசலால என்ட மருமகன் திங்காமப் போனா ஊரு என்ன செல்லும்? போறதுண்டா போங்க. நான் வைக்கிறத வைப்பேன்."

அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கு மேல் பேச்சில்லை.

இரண்டாம் நடை முப்பத்தொன்பதாம் வருஷத்துத் தொடக்கத்தில் நடந்தது. மக்கீன் விடிய முன்னமே லொறியில் போய்க் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டினார். படை வந்து சேரும்போது சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. வரிசையாய் வந்தார்கள், வாங்கினார்கள், தின்றார்கள், தகரத் தட்டை ஆற்றில் கழுவினார்கள். பசிக்க முன்னமே வயிறு நிறைந்தது. மற்றச் சமையல்காரர் லொறியோடு அடுத்த அடுப்பு மூட்டப் பலகடுவை மலைக்கு முன்னே போனார்கள். மக்கீன் கரி பிடித்த கையைத் துடைத்துவிட்டுத் துவக்கை எடுத்து, பட்டி இல்லாத சட்டையோடு கடைசி வரிசையில் சேர்ந்தார்.

அக்குறணை வந்தது. வலது பக்கம் மாமியார் வீடு. இந்த முறை ஜெஸீமா உம்மா வேலிக்குள் இல்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்துக்கே வந்து நின்றா. அப்படி அவ ரோட்டில் நின்றதை அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை. அவவுக்குப் பின்னால் முற்றத்தில் வெள்ளைச் சீலை போட்ட சஹன்கள். வேலிக்கு மேலால் ஊர்ப் பெண்களின் கண்கள். அவர்களையும் தூண்டிவிட்டிருக்கிறா.

வயிறு நிறைந்தவர்கள்தான். ஆனால் ஒரு வயசான பெண்பிள்ளை ரோட்டுக்கு வந்து நின்று கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி? அது பசி இல்லை, மரியாதை. முன்வரிசை கால் தடுமாறினது. ஹேரத்தின் கால் நின்றேவிட்டது. பின்னால் கேர்ணலுடைய கார் வருகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் உள்ளே போனால் எல்லாரும் போவார்கள். மாமியின் முகத்தையும் பார்த்தார் மக்கீன். அவ முகத்தில் கோபம் இல்லை. போய்விடுவார்களோ என்ற பயம்தான் இருந்தது.

மாமி நின்ற இடத்துக்கு வரிசை நேராக வந்தபோது கொக்கு எழும்பும் என்று சொல்கிற அந்தச் சத்தம் மக்கீன் தொண்டையிலிருந்து வந்தது.

"கொம்பனி! ஐஸ் ரைட்!"

பெரிய துரைமார் மேடையில் நிற்கும்போது மட்டும், கண்ணைத் திருப்பி மரியாதை செய்யப் போடுகிற உத்தரவு அது. அத்தனை தலையும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பினது. அத்தனை கண்ணும் ஜெஸீமா உம்மாவைப் பார்த்தது. கால்கள் தானாகத் தாளத்துக்கு வந்தன. ஹேரத்தின் காலும்தான். முன்னால் போன கப்டன் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு கணம்தான். பிறகு அவரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அவவுக்குச் சலூட் அடித்தார். வரிசை வரிசையாக, ஒரு நாட்டு ராணிக்கு முன்னால் போகிற மாதிரி, நிற்காமல் போனார்கள்.

ஜெஸீமா உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றா. கடைசி வரிசை தாண்டின பிறகுதான் வாய் வந்தது.

"தலையத் திருப்பினா வயிறு நெறையுமா மகன்?"

மக்கீன் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சோறெல்லாம் பள்ளிவாசலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போனது. மாமி அவரோடு நல்லபடியாகப் பேசப் பெருநாள் வரவேண்டியிருந்தது. ஆனால் 'படைக்காரரெல்லாம் எனக்குத் தலை திருப்பினாங்க' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் அவதான்.

மாத்தளைக்குப் பொழுதிருக்கவே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு ஆள் குறையவில்லை. நாவுலையிலும் குறையவில்லை, தம்புள்ளையிலும் குறையவில்லை. கேர்ணல் கப்டனிடம் வழியில் நின்ற அந்த அம்மா யார் என்று கேட்டாராம். "போன முறை எங்களைத் தோற்கடித்த ஆள் சேர்" என்று கப்டன் சொன்னாராம். கேர்ணல் அதற்குச் சிரித்தார் என்கிறார்கள். கண்டிக் கொம்பனி வெளியே அனுப்பச் சரிவரும் என்று எழுதிவிட்டுப் போனார்.

தம்புள்ளைக் கூடாரத்தில் கப்டன் மக்கீனைக் கூப்பிட்டார்.

"பட்டி இல்லாத ஆள் கொம்பனிக்கு உத்தரவு போடுறது பெரிய குற்றம். தெரியுமே?"

"தெரியும் சேர்."

"அந்தச் சத்தத்தை உம்மாலை அடக்க ஏலுமே?"

"ஏலாது சேர்."

"அப்ப திரும்பவும் செய்வீர். திரும்பவும் குற்றம் வரும். அதுக்கு ஒரே வழி, இதுதான்." சட்டைப் பையிலிருந்து மூன்று பட்டியை எடுத்து நீட்டினார். "சமையலையும் நீரே பாரும். வெளிக்கிடுற அண்டைக்கு நீர் முதல் லொறியில."

அந்த வருஷம் புரட்டாதியில் யுத்தம் வந்தது. பின்னேரம் கூப்பிட்டார்கள். பொழுதுபட முன்னம் கண்டிக் கொம்பனி போகம்பரையில் வரிசையாய் நின்றது. கடைக்காரரும் கிளாக்கரும் வாத்திமாரும்தான். ஆனால் ஒருவனும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வரவில்லை. ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு வழியனுப்ப வந்தார். தராசைத் தானே பிடிப்பதாகச் சொன்னார்.

ரபீகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றா. கட்டின நாள் முதலாய் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று கேட்கிற கேள்வியை வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டா.

"எப்ப வருவீங்க?"

மஃரிபுத் தொழுகைக்கு முன்னம் வருவேன் என்பதுதான் அவர் எப்போதும் சொல்கிற பதில். அதைச் சொல்ல வாய் திறந்தார்.

"தெரியாது புள்ளே" என்றார். "விடுற அண்டைக்கி வருவேன்."

ரபீகா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, பட்டியின் ஓரத்தை ஒருக்கால் நீவிவிட்டா. முதல் லொறி உறுமினது. மக்கீன் ஓடிப்போய் ஏறினார்.